விண்மீனின் நிறமும் மேற்பரப்பு வெப்பநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் வானம் பார்க்கக் கூடும்போது, விண்மீன்களின் நிறத்தைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வெப்பநிலைகள் அனைத்தும் கெல்வின் அளவில் தரப்பட்டுள்ளன. அதிலிருந்து 273-ஐக் கழித்தால் செல்சியஸ் அளவு கிடைக்கும். ஆயிரக்கணக்கான பாகைகளைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

விண்மீன்களுக்கு உண்மையாகவே நிறம் உண்டா? எனக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிகின்றன.

உண்டு. ஆனால் மங்கலான விண்மீன்களில் அதை வெறுங்கண்ணால் காண முடியாது. நம் விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. நிறத்தை உணரும் கூம்பு செல்கள் வேலை செய்வதற்குப் போதிய ஒளி வேண்டும். ஆகவே வானத்தில் தெரியும் ஆயிரக்கணக்கான விண்மீன்களில் மிகப் பிரகாசமான சில டஜன் விண்மீன்களின் நிறத்தை மட்டுமே நாம் நேராக உணர்கிறோம்.

ஒரு விண்மீனைத் தனியாகப் பார்த்து அதன் நிறத்தைச் சொல்வது கடினம். இரண்டை மாற்றி மாற்றிப் பார்த்தால் வேறுபாடு தானாகவே தெரியும். சனவரி மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் தருமபுரியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைக் கொண்ட ஓரியன் தொகுதி கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும். அந்த மூன்றுக்கு வடக்கே உள்ள பிரகாசமான விண்மீன், நாம் திருவாதிரை என்று அழைக்கும் பீட்டல்ஜூஸ். தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில் இருப்பது ரைஜல். முதலாவது ஆரஞ்சு கலந்த செம்மையாகவும் இரண்டாவது நீலம் கலந்த வெண்மையாகவும் இருப்பதை, கண் இருளுக்குப் பழகிய சில நிமிடங்களில் பெரும்பாலானோர் யாரும் சொல்லாமலே கண்டுகொள்கின்றனர்.

இதில் நம் ஊருக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. தருமபுரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், திருவாதிரை உச்சிப்புள்ளியிலிருந்து ஐந்து பாகை கூட விலகாமல் கடந்து செல்கிறது. உச்சியில் உள்ள விண்மீனின் ஒளி மிகக் குறைந்த அளவு காற்றையே கடந்து வருகிறது என்பதால், அதன் நிறத்தைக் காற்று அதிகம் கெடுப்பதில்லை. இலண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அதே விண்மீன் ஏறக்குறைய பாதி வானம் வரைதான் ஏறுகிறது.

நிறத்துக்கும் வெப்பநிலைக்கும் என்ன தொடர்பு?

கொல்லன் உலையில் இரும்பு காய்வதைக் கவனித்தவர்களுக்கு இதன் பாதி விடை முன்பே தெரியும். உலையில் வைத்த கொழு முதலில் கறுப்பாகவே இருக்கிறது. கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரிகிறது, ஒளி தெரிவதில்லை. ஏறத்தாழ 525 செல்சியஸைத் தாண்டியதும் இருட்டில் மட்டும் தெரியும் மங்கிய செம்மை தோன்றுகிறது. துருத்தி ஊத ஊத அது நல்ல சிவப்பாகி, பின் ஆரஞ்சாகி, ஆயிரம் செல்சியஸைக் கடந்த பிறகு மஞ்சளாகி, அதற்கும் மேலே வெண்மையை நோக்கிப் போகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதை எப்போது அடிக்க வேண்டும், எப்போது தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்று கொல்லர் முடிவு செய்கிறார். அவர் கண்ணாலேயே வெப்பநிலையை அளந்துவிடுகிறார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வின் காலக்கணிப்பைக் கொண்டு, இப்பகுதியில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு புழக்கத்தில் இருந்ததாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. அந்த அளவுக்கு இங்கே இரும்பும் உலையும் பழமையானவை.

அடர்த்தியான, சூடான எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப எல்லா அலைநீளங்களிலும் ஒளியை உமிழ்கிறது; ஆனால் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாக உமிழ்கிறது என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. செருமானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் 1893-இல் இந்த உறவைக் கண்டறிந்தார். உச்ச அலைநீளத்தை மைக்ரோமீட்டரிலும் வெப்பநிலையைக் கெல்வினிலும் எழுதி இரண்டையும் பெருக்கினால், எப்போதும் ஏறத்தாழ 2898 என்ற எண்ணே கிடைக்கும். வெப்பநிலை கூடினால் உச்சம் குறுகிய அலைநீளமான நீலத்தின் பக்கம் நகரும். குறைந்தால் நீண்ட அலைநீளமான சிவப்பின் பக்கம் நகரும். உமிழப்படும் ஒளி எல்லா அலைநீளங்களிலும் எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கான முழுச் சூத்திரத்தை மாக்ஸ் பிளாங்க் 1900-இல் தந்தார். அதை வரைந்து பார்த்தால், ஓர் உச்சமும் இருபுறமும் சரிவும் கொண்ட வளைவு கிடைக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3500 கெல்வின். 2898-ஐ அதனால் வகுத்தால் 0.83 மைக்ரோமீட்டர், அதாவது 830 நானோமீட்டர் கிடைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை மட்டுமே என்பதால், இதன் உச்சம் அகச்சிவப்பில் விழுகிறது. கண்ணுக்கு எட்டும் பகுதியில் சிவப்பு மிகுந்தும் நீலம் குறைந்தும் இருக்கிறது. ரைஜலின் மேற்பரப்பு ஏறத்தாழ 12,000 கெல்வின். அதன் உச்சம் 240 நானோமீட்டரில், புற ஊதாப் பகுதியில் இருக்கிறது. நமக்கு எட்டும் பகுதியில் இங்கே நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. இரண்டு விண்மீன்களும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மிகுதியாக ஒளிர்கின்றன. நாம் காணும் நிறம், அந்த வளைவின் ஓர் ஓரச் சரிவு மட்டுமே.

குடிநீர்க் கருவியில் சிவப்புக் குழாய் வெந்நீருக்கும் நீலக் குழாய் குளிர்நீருக்கும் உரியது. விண்மீனில் மட்டும் ஏன் நேர்மாறு?

குழாயின் நிறம் மனிதர் வைத்துக்கொண்ட அடையாளம். விண்மீனின் நிறம் இயற்பியலின் விளைவு. நீலத்தைக் குளிர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நீரையும் நிழலையும் பார்த்து வந்திருக்கலாம். விண்மீன்களைப் பொறுத்தவரை நீலமே மிகுந்த வெப்பம், சிவப்பே குறைந்த வெப்பம். அந்தக் ‘குறைந்த’ வெப்பமும் இரும்பை உருக்கி ஆவியாக்கப் போதுமானது.

அப்படியானால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் ரைஜலைப் போல 12,000 கெல்வினா?

இல்லை. இது மிகவும் நல்ல கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேஸ் அடுப்பின் சுடர் ஏறத்தாழ 2000 செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அந்த வெப்பநிலையில் உள்ள திடப்பொருள் மஞ்சள் கலந்த ஒளியைத் தரவேண்டும். ஆனால் சுடர் நீலமாக இருக்கிறது. எரிவாயு ஆக்சிஜனுடன் சேரும்போது கார்பன்-ஹைட்ரஜன் சேர்ந்த துண்டுகளும், இரட்டைக் கார்பன் மூலக்கூறுகளும் கணநேரம் தோன்றி மறைகின்றன. அவை தமக்கே உரிய குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும், அதாவது நீலத்திலும் நீலப்பச்சையிலும், ஒளியை உமிழ்கின்றன. வீன் விதி பொருந்துவது எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாக ஒளிரும் அடர்ந்த பொருளுக்கே. கேஸ் சுடரின் நிறம் வேதிவினையின் நிறம். அதைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடக் கூடாது.

அதே அடுப்பில் காற்று சரியாகக் கலக்காதபோது சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். அந்த மஞ்சள் ஒளி, சுடருக்குள் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. அகல் விளக்கின் சுடரும் அப்படிப்பட்டதே. விண்மீனின் நிறத்தை விளக்க வேண்டுமானால் நீலச் சுடரைவிட இந்த மஞ்சள் சுடரே பொருத்தமான எடுத்துக்காட்டு.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாம் உண்டு. பச்சை விண்மீன் ஏன் இல்லை?

சூரியனின் மேற்பரப்பு 5772 கெல்வின். வீன் விதிப்படி அதன் உச்சம் 502 நானோமீட்டரில் விழுகிறது, அது நீலப்பச்சை. ஆனாலும் சூரியன் பச்சையாகத் தெரிவதில்லை. பிளாங்க் தந்த வளைவு குறுகிய கோபுரம் போல் எழாமல், அகன்ற குன்றாகப் படர்ந்திருக்கிறது. உச்சம் பச்சையில் இருக்கும்போது இருபுறமும் உள்ள சிவப்பும் நீலமும் ஏறக்குறைய அதே அளவில் வந்து சேர்கின்றன; மூன்றும் கலந்தால் கண் அதை வெண்மை என்றே உணரும். உச்சத்தின் அலைநீளமும், கண் உணரும் நிறமும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே காரணத்தால் ஊதா விண்மீனும் இல்லை. வெப்பநிலையை எவ்வளவுதான் உயர்த்திக்கொண்டே போனாலும், கண்ணுக்குத் தெரியும் பகுதியில் வளைவின் வடிவம் ஓர் எல்லைக்கு மேல் மாறுவதில்லை. 30,000 கெல்வின் விண்மீனும் அதைவிட இருமடங்கு சூடான விண்மீனும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே வெளிர்நீலம்தான்.

சூரியன் மஞ்சள் விண்மீன் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே?

வகைப்பாட்டில் அப்படி அழைப்பது வழக்கம். வளிமண்டலத்துக்கு வெளியே பார்த்தால் சூரியன் வெண்மையானது. நம் காற்று நீல ஒளியைச் சிதறடித்து வானத்துக்குக் கொடுத்துவிடுவதால், நேராக வந்து சேரும் ஒளியில் மஞ்சள் ஏறுகிறது, மாலையில் சிவக்கிறது. சூரியனை எக்காலத்திலும் நேராகப் பார்க்க வேண்டாம்.

நமக்குப் பழக்கமான நட்சத்திரங்களின் வெப்பநிலை என்ன?

பஞ்சாங்கத்தில் வரும் இருபத்தேழு நட்சத்திரங்களில் சில, நிறம் நன்றாகத் தெரியும் பிரகாசமான விண்மீன்களைக் குறிக்கின்றன. கேட்டை எனப்படும் அன்டாரஸ், திருவாதிரையைப் போலவே ஏறத்தாழ 3600 கெல்வின் கொண்ட செம்மை மிகுந்த விண்மீன். ரோகிணி எனப்படும் அல்டெபரான் சுமார் 3900, இதுவும் ஆரஞ்சு. சுவாதி எனப்படும் ஆர்க்டியூரஸ் சுமார் 4300. இதன் நிறம் இளமஞ்சள் கலந்த ஆரஞ்சு. மகம் எனப்படும் ரெகுலஸ் சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேல். சித்திரை எனப்படும் ஸ்பைகா இருபதாயிரத்துக்கும் மேல். இரண்டும் நீலம் கலந்த வெண்மை. புனர்பூசத்தின் இரட்டையரில் போலக்ஸ் ஆரஞ்சு சாயலும் காஸ்டர் வெண்மையும் கொண்டவை. கார்த்திகையின் அறுமீன் கூட்டம் சூடான நீல விண்மீன்களால் ஆனது.

மே மாத இறுதியில் இரவு பத்து மணியளவில் வானம் தெளிவாக இருந்தால், சுவாதி தலைக்கு மேலும் சித்திரை அதற்குத் தெற்கேயும், கேட்டை தென்கிழக்கிலும் நிற்கும். நாலாயிரம், இருபதாயிரம், மூவாயிரத்து அறுநூறு என்ற மூன்று வெப்பநிலைகளை ஒரே பார்வையில் ஒப்பிட இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடையில் வாங்கும் எல்.இ.டி. பல்பின் அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பல்புக்குள் எதுவும் 6500 கெல்வினில் இல்லை. அந்த வெப்பநிலையில் உள்ள ஒரு பொருள் எந்த நிறத்தில் ஒளிருமோ, அந்த நிறத்தில் பல்பு ஒளிரும் என்பதே அதன் பொருள். பழைய குண்டு பல்பின் கதை வேறு. அதன் டங்ஸ்டன் இழை உண்மையிலேயே சுமார் 2700 கெல்வினில் எரிந்தது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. திருவாதிரையின் மேற்பரப்பு அந்த இழையைவிடச் சூடானது. ஆகவே நாம் ‘சிவப்பு’ என்று சொல்லும் அந்த விண்மீனின் ஒளி, குண்டு பல்பின் ஒளியைவிட வெண்மையானது! அறையில் வேறு ஒளி இல்லாதபோது கண் பல்பின் மஞ்சளுக்குப் பழகி அதையே வெண்மையாக ஏற்றுக்கொள்கிறது. வானத்திலோ நீலவெண்மை விண்மீன்கள் பக்கத்தில் இருப்பதால் திருவாதிரையின் ஆரஞ்சு எடுப்பாகத் தெரிகிறது. இணையத்தில் வரும் படங்களில் காணும் இரத்தச் சிவப்பை எதிர்பார்த்துப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். உண்மையான நிறங்கள் வெளிறியவை, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதவை.

சிவப்பு விண்மீன் என்றால் மங்கலானது, நீல விண்மீன் என்றால் பிரகாசமானது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. நிறம் சொல்வது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே. விண்மீனின் அளவையோ, மொத்த ஒளியையோ, மையத்தின் வெப்பத்தையோ அது சொல்லாது. சூரியனின் மையம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கெல்வின். அது சூரியனின் நிறத்தில் நேராகத் தெரிவதில்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பு உமிழும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1879-இல் யோசப் ஸ்டீபன் சோதனை முடிவுகளிலிருந்து கண்டதை, 1884-இல் லுட்விக் போல்ட்ஸ்மன் கோட்பாட்டால் நிறுவினார். ரைஜலின் ஒரு சதுர மீட்டர், திருவாதிரையின் ஒரு சதுர மீட்டரைப் போல் ஏறத்தாழ 140 மடங்கு ஆற்றலைத் தருகிறது. சூரியனோடு ஒப்பிட்டால் திருவாதிரையின் சதுர மீட்டர் ஏழில் ஒரு பங்குதான் தருகிறது. அப்படியிருந்தும் திருவாதிரை சூரியனைப் போல் பல்லாயிரம் மடங்கு ஒளி வீசுகிறது. காரணம், அதன் ஆரம் சூரியனின் ஆரத்தைப் போல் எழுநூறு மடங்குக்கும் மேல்.

இதற்கு எதிர்ப்புறத்தில் பிராக்சிமா சென்டாரி இருக்கிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த விண்மீனும் சிவப்புதான். வெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வின். ஆனால் அது சூரியனில் ஏழில் ஒரு பங்கு அகலமே கொண்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸின் துணையான சிரியஸ் பி என்னும் வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) 25,000 கெல்வின் வெப்பத்தில் வெளிர்நீலமாக ஒளிர்ந்தாலும், பூமியின் அளவே இருப்பதால் சூரியன் தரும் ஒளியில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் தருகிறது. ஆகவே நிறத்தோடு உண்மையான ஒளிர்வையும் சேர்த்து அறிந்தால்தான் விண்மீனின் அளவைக் கணக்கிட முடியும்.

நிறத்தைக் கொண்டு வயதைச் சொல்லலாமா?

தனி விண்மீனில் சொல்வது கடினம். நிறை மிகுந்த நீல விண்மீன்கள் எரிபொருளைச் சில கோடி ஆண்டுகளுக்குள் தீர்த்துவிடுவதால், நீலமாக உள்ளவை பெரும்பாலும் இளையவை. சிவப்பாக உள்ளது முதிர்ந்து ஊதிப்போன பெருமீனாகவும் இருக்கலாம், பிறந்ததிலிருந்தே சிவப்பாக இருக்கும் சிறுமீனாகவும் இருக்கலாம்.

வானியலாளர்கள் கண்ணை நம்பியா வெப்பநிலையை அளக்கிறார்கள்?

இல்லை. முதல் முறை வடிகட்டிகளைப் பயன்படுத்துவது. நீல ஒளியை மட்டும் விடும் வடிகட்டி வழியாகவும், மஞ்சள்பச்சை ஒளியை விடும் வடிகட்டி வழியாகவும் ஒரே விண்மீனின் பிரகாசத்தைத் தனித்தனியாக அளந்து, இரண்டின் வேறுபாட்டை நிறக்குறியீடு என்று எழுதுகிறார்கள். வேகா விண்மீனுக்கு அது சுழியம். சூரியனுக்கு ஏறத்தாழ 0.65; திருவாதிரைக்கு 1.85, சித்திரைக்குச் சுழியத்துக்கும் கீழே. எண் கூடக் கூட விண்மீன் குளிர்ந்தது என்று பொருள்.

இரண்டாவது முறை நிறமாலை. விண்மீனின் ஒளியைப் பிரித்தால் அதில் கருங்கோடுகள் தெரியும். ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை இந்தக் கோடுகளைக் கொண்டு ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசைப்படுத்தினார். ஆனால் கோடுகள் ஏன் மாறுகின்றன என்பதை 1920-இல் தெளிவுபடுத்தியவர் நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாகா. வெப்பநிலை கூடும்போது அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. எந்த வெப்பநிலையில் எந்த அணு எவ்வளவு அயனியாகும் என்பதை அவருடைய சமன்பாடு கணக்கிட்டது. ஹைட்ரஜன் கோடுகள் ஏறத்தாழ 10,000 கெல்வினில் மிக வலுவாகத் தெரிவதும், அதற்கு மேல் சூடேறினால் ஹைட்ரஜன் அயனியாகி அவை மெலிவதும், அதற்குக் கீழே அணுக்கள் போதிய அளவு கிளர்ச்சியடையாமல் மெலிவதும் இதனால் விளங்கின. சிசிலியா பெய்ன் 1925-இல் சாகாவின் சமன்பாட்டைப் பயன்படுத்தி, அந்த வரிசை உண்மையில் வெப்பநிலை வரிசை என்றும், விண்மீன்கள் பெரும்பகுதி ஹைட்ரஜனால் ஆனவை என்றும் காட்டினார். கல்கத்தாவில் எழுதிய ஒரு சமன்பாட்டால் உலகின் எல்லா வானாய்வகங்களும் விண்மீன்களின் வெப்பத்தைப் படிக்கக் கற்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு அழுத்தமாகவே சொல்ல வேண்டும்.

இத்தகைய நிறமாலைகள் எடுக்கப்படும் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. கிருஷ்ணகிரியின் அண்டை மாவட்டமான திருப்பத்தூரில், சவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டம் கொண்ட அதன் பெரிய தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது.

நிறம் நம்மை ஏமாற்றும் இடங்கள் எவை?

முதலாவது அடிவானம். சூரியனைப் போலவே தாழ்ந்திருக்கும் எந்த விண்மீனும் சிவந்து தெரியும். அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ் சுமார் 7400 கெல்வின் கொண்ட வெண்மையான விண்மீன். நம் ஊரிலிருந்து அது தெற்கில் 25 பாகை உயரம் வரைதான் ஏறும் என்பதால், எழும்போதும் மறையும்போதும் மஞ்சளாகத் தோன்றும். இரண்டாவது மினுக்கல். சிரியஸ் தாழ்ந்திருக்கும்போது சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னும். அது காற்றின் வேலை. மூன்றாவது கோள்கள். செவ்வாய் சிவந்திருப்பது அதன் மண்ணிலுள்ள இரும்புத் துருவால். அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறதே தவிரத் தானாக ஒளிர்வதில்லை.

நான்காவது விண்வெளித் தூசு. அது நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுப்பதால், தூசுக்குப் பின்னால் உள்ள சூடான விண்மீன் குளிர்ந்ததைப் போலத் தோன்றும். 2019 இறுதி முதல் 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. மேற்பரப்பு குளிர்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு நிறமாலையே விடை சொன்னது. அப்போது அளந்த வெப்பநிலை, முன்பு அதே முறையில் அளந்ததைவிடச் சிறிதே குறைந்திருந்தது. அந்தச் சிறு குறைவால் அவ்வளவு மங்கல் ஏற்பட முடியாது. விண்மீன் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி, நம் பக்கத்தை மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. நிறத்தை மட்டும் நம்பாமல் கோடுகளையும் படிக்க வேண்டியதன் தேவை இதில் தெளிவாகிறது.

எங்கே, எப்படிப் பார்ப்பது? கைப்பேசியில் படம் எடுக்க முடியுமா?

நிறம் பார்க்க மிகுந்த இருள் தேவையில்லை என்பது நல்ல செய்தி. கிருஷ்ணகிரி நகரத்தில் ஓசூர், பெங்களூரு பக்கமாக வடமேற்கு அடிவானம் வெளுத்திருந்தாலும், உச்சியில் உள்ள ஓரியனுக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மாடி போதும். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கம் உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. இருநோக்கி இருப்பவர்கள் குவியத்தைச் சற்றே கலைத்துப் பார்க்க வேண்டும். கூரிய புள்ளியாக இருந்த ஒளி சிறு வட்டாக விரியும்போது நிறம் நன்கு தெரியும்.

கைப்பேசியில் எடுக்க, அதைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, புரோ முறையில் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்ச அளவான 5500 கெல்வினில் வைத்து, பத்து நொடி அளவுக்கு ஒளியை உள்ளே விட வேண்டும். தானியங்கியில் விட்டால் கைப்பேசி நிறங்களைத் தன் விருப்பம் போல் திருத்திவிடும். இங்கேயும் குவியத்தைச் சிறிது கலைப்பது நல்லது. இல்லாவிட்டால் விண்மீனின் நடுப்பகுதி அளவுக்கு மீறி வெளுத்து, நிறம் முழுவதும் போய்விடும். இவ்வாறு ஓரியனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், திருவாதிரை ஆரஞ்சு வட்டாகவும், ரைஜலும் நடுவிலுள்ள மூன்றும் வெளிர்நீல வட்டுகளாகவும் பதிந்திருக்கும்.